நான் குடிக்காத சாராயம்

டேய் கதிர்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அன்பு இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் இருப்பதால் 'டேய்' என்றே இருக்கட்டும். உன் கூட்டத்துப் பிள்ளைகள் உன்னைக் 'கதிர் பிரதர்' என்கிறார்கள். நீ பிரதர் என்றால் எனக்கு என்ன முறை, உன் அம்மாவுக்குக் கொழுந்தனா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. சிரிக்க மறந்தவனை நான் எந்த மேடையிலும் நம்பியதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் கடிதம். அதுவும் ஊரே படிக்கிற கடிதம். சிதம்பரத்தில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால், மைக் பிடித்து, நீ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். பதிலுக்கு நான் உன் காதில் மட்டும் கிசுகிசுத்தால் அது என்ன நியாயம்?

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் சபையில் உன்னை வாலிபர் ஊழியத்துக்கு முழுநேரமாக அனுப்பிவைக்கிறார்கள். கையில் இருக்கிற மருந்துக் கம்பெனி வேலையை விடப்போகிறாய். இனிமேல் சிதம்பரத்துக் கல்லூரிப் பிள்ளைகள்தான் உனக்கு வேலை, ஆபீஸ், எல்லாம். அன்றைக்குப் பெற்றவர்களை மேடைக்கு அழைத்து, 'உங்கள் மகனைக் கொடுக்கச் சம்மதமா' என்று போதகர் கேட்பாராம். நான் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் என்னடா ஆகும் என்று போனில் கேட்டதற்கு, "சொல்லலன்னா போவ மாட்டேம்பா" என்றாய். எவ்வளவு சாமர்த்தியமாக மாட்டிவிட்டாய் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்கு விடுகிறவன் நான். என் சொந்த வாயில் ஒரே ஒரு சொல், அதில் உன் வாழ்க்கை தொங்குகிறது.

நான் ஏன் எதையும் நம்பாதவனாக ஆனேன் என்று உன் அம்மா அடிக்கடி கேட்பாள். தொழில் அப்படி. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து நெல் வயலை விட்டுவிட்டு, கடலூர் திருப்பாப்புலியூரில் சவுண்டு சர்வீஸ் கடை போட்ட நாள் முதல் நான் எல்லா மேடைகளையும் பின்பக்கத்திலிருந்தே பார்த்தவன். முன்னால் இருப்பவர்களுக்குத் தலைவர் தெரிவார். எனக்குத் தலைவரின் முதுகில் வழியும் வியர்வை தெரியும். மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர் ஆடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "பம்பைக்காரன் மைக்கக் கொஞ்சம் தூக்கி வையிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். கட்சிக்காரர், "நான் கையத் தூக்கனா கைதட்டல் நல்லா கேக்கணும்" என்பார். சுவிசேஷக் கூட்டத்துக்காரர், "நான் கண்ண மூடனதும் எக்கோவ ஏத்துங்க" என்பார். எனக்கு மதபேதமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே குமிழ்தான், ஒரே திருகல்தான். மற்றவர்கள் மிக்சர் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்த இடத்தில் நான் குமிழ் வைத்த மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீயும் அந்தப் பெட்டிகளின் நடுவில்தான் வளர்ந்தாய். மற்ற பிள்ளைகள் பாட்டைக் கேட்டால் நீ பாட்டுக்குப் பின்னால் இருக்கிற இரைச்சலைக் கேட்டாய். எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்வாய். அப்படிப்பட்ட காது உள்ளவன், 'எனக்கு ஒரு அழைப்பு கேட்டது' என்று வந்து நின்றால் நான் என்ன நினைப்பது? அழைப்பா, பிழைப்பா? யார் அழைத்தது, எந்த ஆம்ப்ளிஃபயரில்?

நீ அதைச் சொன்ன மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் சங்கரா மீன் குழம்பு. நீ சிதம்பரத்தில் படிக்கும்போதே ஞானஸ்நானம் எடுத்துவிட்டாய். அதை நாங்கள் ஒருவழியாகச் செரித்திருந்தோம். இது அடுத்த கவளம்.

"முழுநேர ஊழியத்துக்குப் போவலாம்னு இருக்கேன்" என்றாய்.

"ஊழியம் சரி, ஊதியம்?" என்றேன்.

"அப்பா, எல்லாத்துலயும் வெளாட்டா?"

"வெளாடலடா. ஒரே ஒரு எழுத்து மாறுது, அது எங்க போச்சுன்னு தேடுறேன்."

உன் அம்மா மீன்முள்ளை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, அங்க வந்தா என்னப் பொட்ட அழிக்கச் சொல்வாங்களா?" நீ இல்லை என்றாய். "அப்பச் சரி, குழம்பு ஊத்திக்கோ" என்று அவள் முடித்துவிட்டாள். அவளுக்கு ஒரு கேள்விதான். எனக்கு ஒரு மூட்டை.

முதலில் பெண் விவகாரம் என்று நினைத்தேன். அடுத்து, அந்த மருந்துக் கம்பெனி மேலாளரோடு உனக்குத் தகராறோ என்று நினைத்தேன். வேலை கசந்தால் தெய்வ அழைப்பு இனிக்கும். இதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கே வந்து, கீழவீதியில் ஒரு டீக்கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உன்னை வேவு பார்த்தேன். நீ எதிர்க் கடையில் நாலு பையன்களோடு உட்கார்ந்திருந்தாய். ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். நீ உளுந்துவடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாய். அவ்வளவுதான். ஒரு வடைக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கே அலுத்துப்போய்த் திரும்பினேன். சந்தேகம் போகவில்லை. துப்பு கிடைக்காத சந்தேகம் இன்னும் கொழுக்கும்.

பிறகுதான் அந்தப் போன். அமெரிக்காவிலிருந்து ஒரு சகோதரர் பேசுவதாகக் குரலை மாற்றிக்கொண்டு, உன் ஊழியத்துக்கு ஒரு கார் தர ஆசைப்படுகிறேன், எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். நீ, "அப்பா, பின்னாடி நம்ம கடை ஃபேன் கிறீச்சு கிறீச்சுங்குது. அமெரிக்காலயும் எண்ணெ போடலியா?" என்றாய். தோற்றது நான்தான். ஆனாலும் அன்றைக்கு உனக்குச் சிரிப்பு வந்தது. இவன் முழுசாகக் கெட்டுப்போகவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது மே மாத முகாம். இதைத்தான் எழுதக் கை கூசுகிறது, எழுதியும் ஆக வேண்டும்.

சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வாலிபர் முகாம். நடத்துகிறவர் ஜெபராஜ். நம் கடையில்தான் மைக் செட் எடுத்தார். வழக்கமாகச் சிதம்பரம் வேலைக்கு உன் முருகன் மாமா போவான். அன்றைக்கு மச்சானுக்குக் காய்ச்சல். நானே வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன். நான் வருவது உனக்குத் தெரியாது. உனக்கு ஒரு திடுக்கிடல் கொடுக்கலாம் என்று தூணுக்குப் பின்னால் மிக்சரைப் போட்டு, கழுத்தில் துண்டோடு உட்கார்ந்துகொண்டேன். ஜெபராஜ் வந்து, "அண்ணே, சாட்சி நேரத்துல எக்கோ கொஞ்சம் ஜாஸ்தியா வையிங்க. பசங்க மனசு உருகணும்" என்றார். உருக்கித் தருகிறேன் என்றேன். தொழில்தானே.

சாட்சி என்றால் என்ன என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை மாற்றினார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வது. உனக்கு முன்னால் ஒருவர் கஞ்சா என்றார். இன்னொருவர் தண்டவாளம் வரைக்கும் போனேன் என்றார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கவலையாகிவிட்டது. இவர்களுக்கு அப்புறம் என் மகன் மேடையேறி என்ன சொல்வான்? 'எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, அப்பா கடி ஜோக்கு' என்றா?

நீ ஏறினாய். கீபோர்டு மெல்ல வாசித்தது. எக்கோவில் உன் குரல் அலையலையாகப் போனது.

"எங்க அப்பா பெரிய குடிகாரரு" என்றாய்.

நான் முதலில் யாருடைய அப்பா என்று திரும்பிப் பார்த்தேன், கதிர். சத்தியமாக.

"சாயங்காலம் ஆனா எங்க வூட்ல எல்லாரும் வாசலயே பாத்துக்கிட்டு இருப்போம். ஒருநாள் கொதிக்கிற சோத்துப் பானைய எட்டி ஒதச்சாரு. எங்க அம்மா கொட்டுற மழையில என்னத் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டாயில போய் நின்னாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பானை உன் அம்மாவுடையது. மங்கலம்பேட்டையில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா உதைத்த பானை. மழையில் நின்றது அவளும் அவள் அம்மாவும். கல்யாணமான புதிதில் என்னிடம் அவள் சொன்னது, பிறகு என்றைக்கோ ஒருநாள் உன்னிடம் சொன்னது. சவுண்டு சர்வீஸ் வேலையில் மேடைக்குப் பின்னால் பாட்டில் இல்லாத விசேஷம் ஏது? அத்தனை வருஷமாக நான் ஒரு மூடியைக்கூட மோந்து பார்க்காததற்குக் காரணம் அந்தப் பானைதான். அதையே தூக்கி என் தலையில் கவிழ்த்துவிட்டாய்.

என் விரல் மைக்கை அணைக்கும் பொத்தானுக்குப் போனது உண்மை. அணைத்திருந்தால் கரண்டு போயிற்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் அணைக்கவில்லை. எக்கோவை மட்டும் மெல்ல மெல்லக் குறைத்து அடியோடு எடுத்துவிட்டேன். மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. உன் குரல் மட்டும் அலை வற்றி, சமையலறையில் 'அம்மா, உப்பு கொஞ்சம்' என்று கேட்கிற குரலாக ஆனது. நீ பாதி வாக்கியத்தில் நின்றாய். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. நேராகத் தூணைப் பார்த்தாய்.

அதற்கப்புறம் நாலே வார்த்தையில் முடித்துவிட்டு இறங்கினாய். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொய்ப் பானைக்கு நிஜக் கண்ணீர். 'நாம் எல்லோரும் பாவிகள்' என்று அடுத்தவர் பேச ஆரம்பித்தார். பாவம், அவருக்கு எக்கோவைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து பெட்டி கட்டும்போது நீ வந்து நின்றாய்.

"பிரதர், இந்தக் குடிகாரனுக்கு ஒயர் சுத்த ஒரு கை குடுப்பீங்களா?" என்றேன்.

"அப்பா..."

"தள்ளாடாமப் புடி. நான்தான் தள்ளாடணும்."

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. அந்தப் பசங்கள்ல பாதிப் பேரு வூட்ல அப்பா குடிக்கிறாரு. அவுங்ககிட்டப் போயி நம்ம வூட்டுக் கதையச் சொன்னா, நீ கம்முனு போ, உனக்கு என்னா தெரியும்பாங்க. அவுங்களுக்குப் பக்கத்துல போய் நிக்கணும்னுதான்..."

"பக்கத்துல போறதுக்கு அப்பன வித்துட்டியா? நல்ல பஸ் டிக்கெட்டுடா."

"தப்புதான். மொதல்ல சின்னதாத்தான் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வளந்துடுச்சு."

"சாமிய மாத்திக்கிட்டது உன் விஷயம், நான் ஒண்ணும் சொல்லல. அப்பன மாத்துனது என் விஷயம்."

நீ ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாய். அழகாகத்தான் சுற்றினாய், முறுக்கு விழாமல். வண்டியை எடுத்தபோது நீ கையைத் தூக்கினாய். நான் பார்க்காததுபோல் ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

வீட்டில் உன் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று புவனகிரி தாண்டும்வரை நினைத்திருந்தேன். கடலூர் வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். "எங்கப்பன் பண்ணத உன் தலையில கட்டிட்டானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "என் கதைய அவன் மறக்கல பாரேன்" என்றாள். அவள் சொன்னது உன்னைத் திட்டியா, மெச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. அதைத் தெரிந்துகொள். நீ மேடையில் சொன்ன சொல் எத்தனை பேர் மனதை உருக்கியது என்று ஜெபராஜ் சொல்லுவார். யார் சாப்பிடாமல் இருந்தார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தாலும் அம்மாவோடு மட்டும் பேசினாய். இவன் அழைப்பு காற்று போன பலூன், கதை முடிந்தது என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. மறைப்பானேன்?

அப்போதுதான் ஜெபராஜ் போன் செய்தார். நான் உன் அப்பா என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டபத்தில் நம்முடைய மைக் ஸ்டாண்டு ஒன்று தங்கிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் இழுத்தார்.

"அண்ணே, உங்க பையன் எல்லாத்தையும் கெடுத்துட்டாம்ண்ணே."

"என்னா கெடுத்தான்?"

"முகாமுக்கு வந்த பசங்களையே திரும்ப ஒரு வூட்டு மாடியில கூட்டி வச்சோம். சின்னக் கூட்டம், மைக்குகூட இல்ல. இவன் எழுந்திரிச்சு, நான் முகாம்ல சொன்ன சாட்சி பொய்யி, எங்க அப்பா குடிக்கவே மாட்டாரு, அது எங்க அம்மா சின்ன வயசுல பட்டது, அவுங்கள கேக்காமலே எடுத்துச் சொல்லிட்டேன்னுட்டான். பசங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப் போச்சு. ஒரு பொண்ணு எழுந்திரிச்சு, அப்ப நீங்க எதுலேருந்துதான் இரட்சிக்கப்பட்டீங்கன்னு கேட்டுடுச்சு."

"அதுக்கு அவன் என்னா சொன்னான்?"

"இந்தப் பொய்யிலேருந்துதான், அதுவும் போன மாசந்தான், இன்னும் முழுசா இல்லன்னான். சாட்சியாண்ணே இது?"

அவரே தொடர்ந்தார். பாதிப் பேர் அடுத்த வாரம் வரவில்லை. கேள்வி கேட்ட பெண் மட்டும் கூட்டம் முடிந்ததும் உன்னிடம் வந்து சண்டை போட்டாளாம். எங்கள் வீட்டில் நிஜமாகவே நடக்கிறது, உங்கள் கதைக்கு நான் அழுதது தண்டம் என்றாளாம். முகாமில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தவள் அவள்தான். "இவன் ஒரு வசனம் சொல்லி ஆறுதல் படுத்த வேணாமா? ஜெபம் பண்ண வேணாமா? மன்னிச்சுக்கம்மான்னு ஒரே ஒரு வார்த்த. அப்புறம் அது அத்தினி நேரம் திட்டி, அழுது, வூட்டுக் கதையெல்லாம் சொல்லுது. இவன் வாயத் தொறக்காம உக்காந்து கேக்கறான். அடுத்த முகாமுக்கெல்லாம் இவனக் கூப்பிட முடியாதுண்ணே" என்று ஜெபராஜ் வருத்தத்தோடு வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள்தான் நீ என்னிடமே போன் செய்து அந்தச் சம்மத விஷயத்தைச் சொன்னாய். ஸ்டாண்டை வாங்கிவர நானே சிதம்பரம் போனேன். போன கையோடு உன் போதகரையும் பார்த்தேன். அவரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். மெலிந்த மனிதர், கீச்சுக் குரல், மைக்குக்கே லாயக்கில்லை. உன்னை இப்போது ஏன் அனுப்புகிறீர்கள், மாடிக்கூட்டமே கலைந்துவிட்டதே என்று கேட்டேன். "கலைஞ்சதாலதான் அனுப்பறேன் சார். ஆனா நீங்க வந்து சம்மதம் சொல்லணும். அவன் பொய் சொன்னது உங்களப் பத்தி. நீங்க விடாம நான் எப்படி விடறது?" என்றார். அந்த நிபந்தனை உன் தந்திரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சொல்கிறேன். உனக்கு அழைப்பு வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் வணங்குகிற சாமியே என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன்னைக் கூப்பிட்டவரைப் பற்றி நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்தது மனிதர்களும் மைக்கும். மைக் கையில் வந்தவுடன் மயங்காதவனை நான் பார்த்ததில்லை, நீயும் மயங்கினாய். ஆனால் மைக் இல்லாத இடத்தில், கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தே, உனக்கு எதிராக நீயே சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் ஒரு பெண் திட்டத் திட்டக் காது கொடுத்தாய். அதுவும் நடிப்பாக இருக்குமோ, ஜெபராஜ் பார்த்துக்கொண்டிருந்தாரே என்றும் தோன்றியது. ஒரு வாரம் யோசித்தேன். நடிக்கிறவன் தனக்கு நல்ல வேடமாக அல்லவா எடுத்துக்கொள்வான்? நீ எடுத்தது அசட்டு வேடம்.

போகிற இடத்தில் பிள்ளைகள் உன்னிடம் கதைகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவை அவர்களுடையவை. ஒன்றைக்கூட அடுத்த ஊர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. எந்தப் பிள்ளையாவது வீட்டுக்குத் தெரியாமல் உன் பின்னால் வருகிறேன் என்றால், முதலில் அந்த அப்பன் அம்மாவைப் போய்ப் பார். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். எங்களிடம் பழகிய பழக்கம் உனக்கு இருக்கிறது. எல்லோரும் தலையாட்டுகிற இடத்தில் நீ கொஞ்சம் பயப்படு. உன்னை நம்பாத ஒரு பிள்ளை ஒவ்வொரு கூட்டத்திலும் பின்வரிசையில் இருக்கும்; வம்பு பண்ணும், பட்டப்பெயர் வைக்கும், பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக் கெடுக்கும். அதை வெளியே அனுப்பிவிடாதே. அந்த வயதில் அப்படி ஒருவன் இருந்தான், அவனைத்தான் நீ அப்பா என்று கூப்பிடுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். அம்மா பொட்டோடுதான் வருவாள், நான் நெற்றியில் விபூதியோடு. உன் முருகன் மாமா வேடிக்கை பார்க்க வருகிறானாம். போதகர் கேட்டதும் சம்மதம் என்று சொல்லிவிடுவேன், பயப்படாதே. நடுவில் நிறுத்தி விளையாட மாட்டேன், அம்மாவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சந்தேகத்தோடுதான் சொல்வேன், இறங்கிய பிறகும் சந்தேகத்தோடுதான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இனி உன் வாழ்க்கையில் எத்தனையோ அப்பன்களைச் சந்திக்கப் போகிறாய். கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் பிள்ளையை உன் கையில் கொடுக்கிறவன் எவனாவது வந்தால், வீட்டில் சந்தேகப்படக்கூட ஆளில்லாத அந்தப் பிள்ளையிடம் நீ இன்னும் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்து பேசு.

உன் அப்பா